மருத்துவ ஆய்வில் ஒரு படம் எதைக் காட்டுகிறது?

நோயியல் நூல் எதைத் திறந்தாலும் ஒரே வகைப் படம் கண்ணில் படும்: இளஞ்சிவப்புப் பரப்பில் சிதறிக் கிடக்கும் ஊதா நிறப் புள்ளிகள். இவைதாம் உடலின் உள்நிறங்கள் என்று முதன்முறை பார்ப்பவர் நினைத்துக்கொள்வது இயல்பு. உண்மையில், நுண்ணோக்கியில் வைக்கும் அளவுக்கு மெல்லிதாகச் சீவப்பட்ட திசுவில் நிறமே இருப்பதில்லை எனலாம். ஒளி அதனூடாகத் தடையின்றிச் சென்றுவிடுவதால், உயிரணு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதுகூடத் தெளிவாகத் தெரியாது. புள்ளிகள் ஊதாவாக இருப்பதற்குக் காரணம், ஒரு வெப்பமண்டல மரத்தின் கட்டையிலிருந்து எடுக்கப்படும் ஹீமாடாக்சிலின் என்னும் சாயம் உயிரணுவின் உட்கருவில் ஒட்டிக்கொள்வதுதான். சுற்றியுள்ள இளஞ்சிவப்பு, இயோசின் என்னும் செயற்கைச் சாயம் புரதங்களில் ஏறியதால் வந்தது. ஆகவே அதைத் திசுவின் படம் என்பதைவிட, இரண்டு சாயங்கள் திசுவில் எங்கெங்கே தங்கின என்பதன் படம் என்று சொல்வதே சரி.

இது வெறும் சொல்விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் ஆய்வுக்கூடச் சோதனைகளையும் உடலுக்குள் பார்க்கும் ஸ்கேன் முறைகளையும் புரிந்துகொள்ள விரும்பும் ஒருவருக்கு இதைவிடப் பயனுள்ள தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. எந்த முறையும் நோயை நேரடியாகக் காண்பதில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சமிக்ஞையை அளக்கிறது. அது சாயத்தின் நிறமாக இருக்கலாம், நொதி உண்டாக்கிய நிறமாற்றமாக இருக்கலாம், திரும்பிவரும் ஒலியாகவோ ஹைட்ரஜன் அணுக்கள் வெளியிடும் ரேடியோ அலையாகவோ இருக்கலாம். அந்தச் சமிக்ஞைக்கும் நாம் அறிய விரும்பும் பொருளுக்கும் நடுவே எத்தனை கண்ணிகள் உள்ளன, அவற்றுள் எது அறுந்துபோகக்கூடியது என்று கேட்பதே ஒரு முறையை மதிப்பிடும் வழி.

திசு கண்ணாடித் தகட்டை அடையும் வழி

உடலிலிருந்து எடுக்கப்பட்ட திசு அந்த நொடியிலிருந்தே சிதையத் தொடங்குகிறது. அதன் சொந்த நொதிகளே அதைக் கரைக்க ஆரம்பித்துவிடும். அதைத் தடுக்க, முதலில் திசுவை ஃபார்மலினில் ஊறவைக்கிறார்கள். ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடு புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, திசுவை இருந்த நிலையிலேயே நிறுத்திவைக்கிறது. பிறகு படிப்படியாகச் செறிவு கூடும் ஆல்கஹாலில் முக்கி நீரை நீக்கி, சைலீன் போன்ற கரைப்பானைக் கொண்டு அந்த ஆல்கஹாலையும் அகற்றி, உருக்கிய பாரஃபின் மெழுகை உள்ளே புகவிட்டுக் கட்டியாக்குகிறார்கள். மைக்ரோடோம் எனப்படும் கருவி அந்த மெழுகுக் கட்டியிலிருந்து ஏறத்தாழ 3 முதல் 5 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சீவல்களை எடுக்கும். மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரத்தச் சிவப்பணு ஒன்றின் குறுக்களவே 7 அல்லது 8 மைக்ரோமீட்டர் என்பதை வைத்துப் பார்த்தால், அந்தச் சீவலில் பெரும்பாலான உயிரணுக்கள் முழுதாக இல்லை, துண்டுகளாகவே இருக்கின்றன என்பது விளங்கும்.

இந்த ஒவ்வொரு படியும் திசுவை ஏதேனும் ஒரு வகையில் மாற்றிவிடுகிறது. நீர் நீங்குவதால் திசு சுருங்குகிறது. ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடுவதால், கொழுப்பு உயிரணுக்கள் இத்தகைய படங்களில் உள்ளே ஒன்றுமே இல்லாத வளையங்களாகத் தெரிகின்றன. உயிருள்ள உடலிலோ அவை நிறைந்து ததும்பிக்கொண்டிருந்தவை. கொழுப்பையே பார்க்க வேண்டுமென்றால் மெழுகு வழியைக் கைவிட்டு, திசுவை உறையவைத்துச் சீவி, கொழுப்பில் கரையக்கூடிய சாயத்தை ஏற்ற வேண்டும்.

எல்லாவற்றையும் காட்டும் சாயமே நல்ல சாயம் என்று தோன்றும். 1873இல் இத்தாலிய மருத்துவர் கமிலோ கோல்ஜி உருவாக்கிய வெள்ளி உப்பு முறை இந்த எண்ணத்தைத் தலைகீழாக்கியது. மூளைத் திசுவில் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், எல்லாவற்றுக்கும் சாயமேற்றினால் எந்தக் கிளை எந்த அணுவைச் சேர்ந்தது என்று பிரித்தறிய முடியாது. கோல்ஜியின் முறை நூற்றில் சில நரம்பணுக்களை மட்டுமே பற்றும். ஆனால் பற்றியவற்றைக் கிளைநுனி வரை கறுப்பாக்கிக் காட்டும். மற்றவை கண்ணுக்குத் தெரியாமலே நிற்பதால்தான் அந்தச் சிலவற்றின் உருவம் துலங்குகிறது. ஸ்பெயினைச் சேர்ந்த சாந்தியாகோ ரமோன் இ கஹால் இதே முறையைச் செம்மைப்படுத்திப் பயன்படுத்தி, நரம்பணுக்கள் தனித்தனி அலகுகள் என்ற முடிவுக்கு வந்தார். கோல்ஜியோ அவை அனைத்தும் ஒரே தொடர்வலை என்று கடைசிவரை நம்பினார். 1906இல் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டபோதும் அந்தப் பிணக்கு தீரவில்லை. ஒரே சாயத்தில் தோய்ந்த ஒரே வகைச் சீவலைப் பார்த்துவிட்டு இரண்டு மேதைகள் எதிரெதிர் முடிவுக்கு வந்தார்கள் என்பதை, "படத்தைப் பார்த்தாலே தெரிகிறதே" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஆன்டிபாடி என்னும் கொக்கி

உட்கரு எங்கே இருக்கிறது என்று ஹீமாடாக்சிலின் சொல்லும். அந்த உயிரணு ஒரு குறிப்பிட்ட புரதத்தை உற்பத்தி செய்கிறதா என்று சொல்லாது. புற்றுநோய் ஆய்விலும் மூளை ஆய்விலும் எழும் கேள்விகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இதற்கு ஆய்வாளர்கள் இயற்கையிடமிருந்தே ஒரு கருவியைக் கடன் வாங்கினார்கள். உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளின் ஒரு சிறு பகுதியை மட்டும் அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் நோய் எதிர்ப்புப் புரதமே ஆன்டிபாடி. மனிதப் புரதம் ஒன்றை முயலின் உடலில் செலுத்தினால், முயல் அதற்கு எதிரான ஆன்டிபாடிகளை உண்டாக்கும். அவற்றைப் பிரித்தெடுத்து, ஒளிரும் வேதிப்பொருள் ஒன்றை இணைத்து, திசுச் சீவலின் மேல் ஊற்றிக் கழுவிவிட்டால், அந்தப் புரதம் இருக்கும் இடங்களில் மட்டும் ஒளி தங்கும். ஆல்பர்ட் கூன்ஸும் அவருடைய குழுவினரும் 1941இல் இந்த வழியைக் காட்டினார்கள். 1975இல் ஜார்ஜ் கோலரும் சேசர் மில்ஸ்டீனும், ஒரே வகை ஆன்டிபாடியை மட்டும் அளவின்றி உற்பத்தி செய்யும் உயிரணு வகையை உருவாக்கிய பிறகு, இந்தக் கொக்கி உலகெங்கும் ஆய்வுக்கூடங்களின் அன்றாடப் பொருளாகிவிட்டது.

எலிசா எனப்படும் சோதனையும் இதே கொக்கியைத்தான் நம்பியிருக்கிறது. 1971இல் ஸ்வீடனில் ஏவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் வெளியிட்ட இந்த முறையில் திசுவுக்குப் பதிலாக இரத்த நீர் போன்ற திரவம் ஆராயப்படுகிறது. இதன் பரவலான வடிவங்களுள் ஒன்றில், சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டின் அடியில் ஓர் ஆன்டிபாடியை ஒட்டவைத்து, மாதிரியை ஊற்றுவார்கள். தேடும் புரதம் இருந்தால் அது அடியில் பிடிபடும். அதன்மேல் நொதி பிணைக்கப்பட்ட மற்றோர் ஆன்டிபாடியை ஊற்றிக் கழுவியபின், அந்த நொதியால் நிறம் மாறும் திரவத்தைச் சேர்த்தால், பிடிபட்ட புரதத்தின் அளவுக்கேற்ப நிறம் அடர்த்தியாகும். அளவு தெரிந்த மாதிரிகளை அதே தட்டில் பக்கத்துக் குழிகளில் வைத்து, அவற்றின் நிறத்தோடு ஒப்பிட்டே கணக்கிடுகிறார்கள். கழுவுவது இங்கே மிகச் சாதாரண வேலையாகத் தெரிந்தாலும், சோதனையின் தரம் பெரும்பாலும் அதில்தான் தங்கியிருக்கிறது. ஒட்டாத ஆன்டிபாடி சிறிது தேங்கிவிட்டாலும், இல்லாத புரதம் இருப்பதாக நிறம் சொல்லிவிடும்.

புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, பிறகு ஆன்டிபாடியால் அடையாளம் காணும் முறைக்கு வெஸ்டர்ன் பிளாட் என்று பெயர். இந்தப் பெயருக்குப் பின்னால் சிறு வேடிக்கை இருக்கிறது. டி.என்.ஏ. துண்டுகளைப் பிரித்து அடையாளம் காணும் முறையை 1975இல் வெளியிட்டவர் எட்வின் சதர்ன். அவருடைய குடும்பப் பெயருக்கு ஆங்கிலத்தில் "தெற்கத்திய" என்று பொருள். ஆர்.என்.ஏ.வுக்கு அதேபோன்ற முறை வந்தபோது அதற்கு வடக்கு என்றும், புரதத்திற்கு வந்தபோது மேற்கு என்றும் பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆன்டிபாடிகளின் பெரிய குறை, அவை எப்போதும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்பதுதான். ஒரு புரதத்தைப் பிடிக்க வேண்டிய ஆன்டிபாடி, அதே சாயல் கொண்ட வேறொரு புரதத்தையும் பிடித்துக்கொள்ளலாம்; வெளியில் வாங்கப்படும் ஆன்டிபாடிகளில் இப்படித் தடம் புரள்பவை குறைவல்ல. அதனால்தான் முறையான ஆய்வில் ஒவ்வொரு படத்தோடும் கட்டுப்பாட்டு மாதிரிகள் இடம்பெறுகின்றன. அந்தப் புரதம் இருப்பது உறுதியாகத் தெரிந்த திசு ஒன்றில் நிறம் வர வேண்டும். அந்தப் புரதத்திற்கான மரபணு நீக்கப்பட்ட விலங்கின் திசுவில் நிறம் வரக் கூடாது. முதல் ஆன்டிபாடியை ஊற்றாமல் மற்ற எல்லாப் படிகளையும் அப்படியே செய்தாலும் நிறம் வரக் கூடாது. படிப்பவர் முதலில் தேட வேண்டியது அழகான ஒளிரும் படத்தை அல்ல, அதன் பக்கத்தில் கறுப்பாக, வெறுமையாக வைக்கப்பட்டிருக்கும் கட்டுப்பாட்டுப் படத்தை என்பது என் கருத்து.

ஒன்றைக் கோடியாக்குதல்

சில பொருட்கள் எந்தக் கொக்கிக்கும் அகப்படாத அளவுக்குக் குறைவாக இருக்கும். ஒரு துளி மாதிரியில் வைரஸின் மரபணுப் பொருள் நூறு பிரதிகள் மட்டும் இருந்தால், அதை எந்தச் சாயமும் காட்டாது. கேரி மல்லிஸ் 1983இல் சிந்தித்துக் கண்ட பி.சி.ஆர். முறை, சமிக்ஞையைத் தேடுவதற்குப் பதிலாக அதைப் பெருக்கிக்கொள்கிறது. மாதிரியை ஏறத்தாழ 95 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் டி.என்.ஏ.வின் இரட்டை இழைகள் பிரிகின்றன. 50 முதல் 65 டிகிரிக்குள் குளிர்வித்தால், பிரைமர் எனப்படும் சிறு டி.என்.ஏ. துணுக்குகள் தமக்குப் பொருந்தும் இடத்தில் ஒட்டுகின்றன. 72 டிகிரியில் ஒரு நொதி அங்கிருந்து தொடங்கிப் புதிய இழையைக் கட்டி முடிக்கிறது. இப்படி ஒரு சுற்று முடிந்தால் ஒன்று இரண்டாகும். எல்லாம் சரியாக நடந்தால் 30 சுற்றுகளில் ஒரே ஒரு மூலக்கூறு 107 கோடியைத் தாண்டிவிடும். சாதாரண நொதிகள் 95 டிகிரியில் கெட்டுவிடும் என்பதால், அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீரூற்றில் முதலில் கண்டெடுக்கப்பட்ட தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்னும் பாக்டீரியாவின் நொதியைப் பயன்படுத்துகிறார்கள். கொதிநீருக்கு அருகிலேயே வாழப் பழகிய உயிரின் நொதி ஆகையால் அது தாக்குப்பிடிக்கிறது. ஆர்.என்.ஏ.வைக் கொண்ட வைரஸ்களுக்கு, அதை முதலில் டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் கூடுதல் படி ஒன்று உண்டு.

எத்தனையாவது சுற்றில் சமிக்ஞை கண்டறியும் எல்லையைத் தொடுகிறது என்று பார்த்தால், தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்பதை மதிப்பிடலாம். 20ஆவது சுற்றிலேயே தெரிந்தால் மாதிரியில் நிறைய இருந்தது. 36ஆவது சுற்றில்தான் தெரிந்தால் மிகக் குறைவாகவே இருந்தது. இங்கும் அறுந்துபோகக்கூடிய கண்ணி ஒன்று இருக்கிறது. பி.சி.ஆர். காண்பது மரபணுத் துண்டை. உயிர்ப்புடன் பரவக்கூடிய கிருமியை அல்ல. நோய் தணிந்த பிறகும் செயலற்ற வைரஸின் துண்டுகள் சில காலம் உடலில் எஞ்சியிருந்து, சோதனையில் தென்படக்கூடும். மேலும், ஒன்றைக் கோடியாக்கும் ஆற்றல் தூசிக்கும் பொருந்தும்: முந்தைய சோதனையிலிருந்து காற்றில் கலந்த ஒரு துளியும் கோடியாகிவிடும். ஆகவே மாதிரி தயாரிக்கும் அறையையும் பெருக்கும் அறையையும் தனித்தனியே வைத்து, ஒவ்வொரு முறையும் மாதிரி எதுவும் சேர்க்காத தூய நீரையும் ஒரு குழாயில் ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்த நீர்க்குழாயில் சமிக்ஞை வந்தால் அன்றைய முடிவுகள் எல்லாமே குப்பைக்குப் போக வேண்டியவைதாம்.

நுண்ணோக்கியின் எல்லை

கண்ணாடி வில்லையை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், சாதாரண ஒளி நுண்ணோக்கி ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் (நானோமீட்டர் என்பது மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது என்பதை 1873இல் எர்ன்ஸ்ட் ஆபே விளக்கினார். தடை ஒளியின் அலைநீளத்தில் இருக்கிறது; கைவினைத் திறனில் இல்லை. கொரோனா வைரஸ் ஒன்றின் குறுக்களவு 100 நானோமீட்டர் அளவில்தான் என்பதால், அதன் உருவத்தை இத்தகைய நுண்ணோக்கியில் காண இயலாது. 1931இல் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்தி இந்தத் தடையைத் தாண்ட வழிசெய்தார்கள். ஆனால் எலக்ட்ரான்கள் வெற்றிடத்தில் செல்ல வேண்டியிருப்பதால், உயிருள்ள அணுவை அதில் வைத்துப் பார்க்க இயலாது.

உயிருள்ள அணுக்களுக்குள் நடப்பதைப் பார்க்க ஒரு ஜெல்லிமீன் உதவியது. 1962இல் ஒசாமு ஷிமோமுரா அதிலிருந்து பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். 1994இல் மார்ட்டின் சால்ஃபி அதன் மரபணுவை வேறு உயிரினங்களில் புகுத்தி ஒளிரவைக்கலாம் என்று காட்டினார். அந்த மரபணுவை நாம் ஆராயும் புரதத்தின் மரபணுவோடு கோத்துவிட்டால், புரதம் போகும் இடமெல்லாம் விளக்கும் கூடவே போகும். கூடவே ஒரு சுமையைத் தூக்கிச் செல்லும் புரதம் இயல்பாகத்தான் நடந்துகொள்கிறதா என்ற ஐயத்திற்கு ஒவ்வொரு ஆய்வும் தனியாக விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்த உயிரணுவைப் பார்க்கிறோம் என்பதே சில வேளைகளில் கேள்வியாகிவிடும். 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து, அவருடைய அனுமதியின்றி எடுக்கப்பட்டு வளர்க்கப்பட்ட ஹீலா உயிரணுக்கள் இன்றும் ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. அவை மிக வேகமாகப் பெருகுவதால் பக்கத்து வளர்ப்புகளில் கலந்து அவற்றை விழுங்கிவிட்டதும், வேறு உறுப்பின் அணுக்கள் என்று நினைத்துப் பலர் ஹீலாவையே ஆராய்ந்துகொண்டிருந்ததும் பின்னர் தெரியவந்தன. அதனால் இன்று உயிரணு வளர்ப்புகளின் டி.என்.ஏ. அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்ளுமாறு வலியுறுத்துகிறார்கள்.

உடலைத் திறக்காமல் பார்த்தல்

இதுவரை சொன்னவை அனைத்தும் உடலிலிருந்து எதையாவது வெளியே எடுக்கும் முறைகள். 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்ட பிறகு, எடுக்காமலே பார்க்கும் வழி திறந்தது. எக்ஸ் கதிர்ப் படம் ஒரு நிழல். எலும்பில் உள்ள கால்சியம் போன்ற கனமான அணுக்கள் கதிரை மிகுதியாக உறிஞ்சுவதால், அவற்றுக்குப் பின்னால் நிழல் விழுகிறது. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே நிழலில் கலந்துவிடுவதும், மென்திசுக்களுக்கு இடையே அதிக வேறுபாடு தெரியாததும் இதன் குறைகள்.

காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி.டி. ஸ்கேன் அந்தக் கலப்பைக் கணக்கால் பிரித்தது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளியின் மூளை இந்த முறையில் படமெடுக்கப்பட்டது. பல கோணங்களிலிருந்து நிழல்களை எடுத்து, எந்தப் புள்ளியில் எவ்வளவு உறிஞ்சப்பட்டால் இத்தனை நிழல்களும் ஒருசேரப் பொருந்தும் என்று கணினி விடைகாண்கிறது. கிடைக்கும் எண்களுக்கு அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள். நீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000. சி.டி. படத்தில் சாம்பல் நிறத்தின் ஒவ்வொரு சாயலும் ஓர் உறிஞ்சும் அளவைக் குறிக்கும் என்பதால், எம்.ஆர்.ஐ. படங்களைவிட இவற்றை ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்கு ஒப்பிடுவது எளிது.

அல்ட்ராசவுண்ட் ஒலியின் எதிரொலியை அளக்கிறது. மென்திசுவில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் செல்லும் என்று கருவி வைத்துக்கொண்டு, எதிரொலி திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை ஆழமாக மாற்றுகிறது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து ஒலி போய்த் திரும்ப ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 13 பங்கு போதும். காற்று ஒலியை முழுதாகத் திருப்பிவிடுவதால்தான் தோலின்மேல் கூழ்போன்ற பொருளைத் தடவுகிறார்கள்.

மேற்சொன்ன மூன்றும் பெரும்பாலும் உருவத்தைக் காட்டுபவை. பெட் ஸ்கேன் வேறு வகை: அது உடலின் வேலையைக் காட்ட முயல்கிறது. ஃபுளோரின் 18 என்னும் கதிரியக்க அணு சேர்க்கப்பட்ட குளுக்கோஸ் போன்ற பொருள் ஒன்றை உடலில் செலுத்துகிறார்கள். அந்த அணுவின் அரை ஆயுட்காலம், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் நேரம், ஏறத்தாழ 110 நிமிடம். அது சிதையும்போது வெளிவரும் பாசிட்ரான் என்னும் எலக்ட்ரானின் எதிர்த்துகள், பக்கத்தில் உள்ள எலக்ட்ரானைச் சந்தித்து அழிய, இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசைகளில் கிளம்புகின்றன. சுற்றியுள்ள வளையத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் பதிவானால், அவற்றை இணைக்கும் கோட்டில் எங்கோதான் அந்த நிகழ்வு நடந்திருக்க வேண்டும். சர்க்கரையை மிகுதியாக உட்கொள்ளும் புற்றுக்கட்டி இதில் பளிச்சென்று தெரியும். ஆனால் நலமாக உள்ள மூளையும் அப்படியே தெரியும். வீங்கி அழன்ற திசுவும் தெரியும். அந்தப் பொருள் சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீர்ப்பையும் தெரியும். பளிச்சென்ற இடமெல்லாம் புற்று என்று படித்துவிட முடியாது.

காந்தம் கேட்கும் கேள்வி

எம்.ஆர்.ஐ.யைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதன் படங்கள் மற்றெல்லாவற்றையும்விட உடலின் புகைப்படம் போலத் தோற்றமளிக்கின்றன. கருவி உண்மையில் கேட்பது, நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருவின் குரலை. அந்த அணுக்கரு, அதாவது புரோட்டான், மிகச் சிறிய காந்தம் போல நடந்துகொள்ளும். வலுவான காந்தப்புலத்தில் வைத்தால் அத்தகைய சிறுகாந்தங்களில் புலத்தின் திசைக்கு இசைந்தவை சற்று மிகுதியாகின்றன. 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) கருவியில் அந்த மிகுதி பத்து லட்சத்திற்கு ஏறத்தாழ 5 மட்டுமே. இவ்வளவு சிறிய மிகுதி போதுமானதாக இருப்பது, ஒரு கன மில்லிமீட்டர் நீரில் 6 லட்சம் கோடி கோடிக்கும் மேற்பட்ட ஹைட்ரஜன் அணுக்கள் இருப்பதால்தான்.

அந்தப் புலத்தில் புரோட்டான்கள் நொடிக்கு ஏறத்தாழ 6.4 கோடி முறை சுழலும். அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையைச் செலுத்தினால் அவை அதை ஏற்று நிலைமாறுகின்றன; அலையை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பும் வழியில் தாமே ஒரு ரேடியோ சமிக்ஞையை வெளியிடுகின்றன. காந்தப்புலத்தின் வலிமையை இடத்துக்கு இடம் சிறிது மாற்றிவைத்தால் சுழலும் வேகமும் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே சமிக்ஞையின் அதிர்வெண்ணே அது வந்த இடத்தைச் சொல்லிவிடும். 1973இல் பால் லாட்டர்பர் வெளியிட்ட இந்த எண்ணமும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டின் கணித வேலையும் 2003இல் நோபல் பரிசு பெற்றன. புரோட்டான்கள் பழைய நிலைக்குத் திரும்பும் வேகம் அவை இருக்கும் சூழலைப் பொறுத்தது. எந்த வேகத்தை முதன்மைப்படுத்துவது என்று இயக்குபவர் தேர்ந்தெடுத்தால், ஒரே மூளையில் நீர் ஒரு படத்தில் கறுப்பாகவும் மற்றொன்றில் வெளுப்பாகவும் தெரியும்.

இரத்தத்தில் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின், பக்கத்துக் காந்தப்புலத்தைச் சிறிது குலைக்கும். மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே தேவைக்கு மிஞ்சிய புதிய இரத்தம் பாய்வதால் இந்தக் குலைவு குறைந்து, சமிக்ஞை சிறிதே உயர்கிறது. 1990இல் செய்ஜி ஒகாவா கண்ட இந்த விளைவுதான், மூளையின் "செயல்படும் இடங்களை" வண்ணத்தில் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. படங்களுக்கு அடிப்படை. நரம்பணுக்கள் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் பேசிக்கொள்கின்றன. இரத்தத்தின் மறுமொழியோ உச்சத்தை அடைய 4 முதல் 6 நொடிகள் ஆகின்றன. படத்தின் ஒரு சிறு கட்டத்திற்குள் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் அடங்கியிருக்கும். வண்ணப் பொட்டு என்பது புள்ளியியல் சோதனை ஒன்றைத் தாண்டிய கட்டங்களின் மேல் கணினி பூசிய நிறம்; அந்த நிறம் எண்ணத்தின் நிறம் என்று செய்தித்தாள்கள் எழுதும்போது எனக்குச் சற்று எரிச்சல் வருவதுண்டு.

2009இல் கிரெய்க் பென்னட்டும் அவருடைய குழுவினரும் இதை மறக்க முடியாதபடி காட்டினார்கள். இறந்துபோன சால்மன் மீன் ஒன்றை ஸ்கேன் கருவியில் வைத்து, மனிதர்களின் படங்களை அதற்குக் "காட்டி", அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று முறைப்படி கேட்டார்கள். தரவுகளை ஆராய்ந்தபோது மீனின் மூளைப் பகுதியில் சில கட்டங்கள் "செயல்பட்டிருந்தன". காரணம் எளிது: ஒரு லட்சம் கட்டங்களைத் தனித்தனியே சோதித்து, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 5 தற்செயல் தவற்றுக்கு இடம் கொடுத்தால், ஒன்றுமே நடக்காதபோதும் 5000 கட்டங்கள் ஒளிரும். பென்னட் குழு இதைவிடக் கடுமையான எல்லையை வைத்தும் பொட்டுகள் எஞ்சின. பல சோதனைகளை ஒருசேரச் செய்வதற்கான திருத்தத்தைச் செய்ததும் அவை மறைந்தன. 2012இல் இந்த ஆய்வுக்கு இக்நோபல் என்னும் நகைச்சுவைப் பரிசு கிடைத்தது. ஆனால் அது சுட்டிய குறை நகைச்சுவையன்று.

இதே கணக்கு ஆய்வுக்கூடச் சோதனைகளுக்கும் உண்டு. ஆயிரம் பேரில் ஒருவருக்கு மட்டும் இருக்கும் நோய் ஒன்றை, நோயற்றவர்களில் நூற்றுக்கு 95 பேரைச் சரியாக விலக்கும் சோதனை ஒன்றால் தேடுவதாக வைத்துக்கொள்வோம். அது நோயாளியைத் தவறவிடாது என்றே கொண்டாலும், அந்த ஒருவரோடு நோயற்ற 50 பேருக்கும் "உண்டு" என்ற முடிவு வரும். படங்களைப் படிப்பவரின் மனமும் ஒரு கருவிதான் என்பதால், எது நோயாளியின் சீவல், எது நலமானவரின் சீவல் என்று அவருக்குச் சொல்லாமலே எண்ணவும் அளக்கவும் வைக்கிறார்கள்.

சாயம் உயிருள்ள மூளைக்குள் போன கதை

ஆய்வுக்கூடமும் ஸ்கேன் அறையும் ஒன்றையொன்று எப்படிச் சோதித்துக்கொள்கின்றன என்பதற்கு, நினைவாற்றலைச் சிதைக்கும் அல்சைமர் நோயைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. 1906இல் அலோய்ஸ் அல்சைமர், இறந்த நோயாளி ஒருவரின் மூளைச் சீவலில் வெள்ளிச் சாயத்தின் உதவியால் கண்ட விசித்திரப் படிவுகளைப் பற்றி உரையாற்றினார். அந்தப் படிவுகளில் அமிலாய்டு என்னும் புரதம் சேர்ந்திருப்பது பின்னால் தெரியவந்தது. ஆனால் அதைக் காண நோயாளி இறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க விரும்பும் ஆய்வாளருக்கு அது பயன்படாது.

நோயியலாளர்கள் அமிலாய்டுக்கு ஏற்றிவந்த சாயங்களுள் தயோஃபிளேவின் ஒன்று. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிளங்கும் செஸ்டர் மாத்திஸும் அந்தச் சாயத்தின் மூலக்கூறை, இரத்தத்திலிருந்து மூளைக்குள் கடந்து செல்லும்படி மாற்றியமைத்து, அதில் ஏறத்தாழ 20 நிமிட அரை ஆயுட்காலம் உள்ள கார்பன் 11 அணுவைப் பொருத்தினார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் ஊற்றப்பட்டுவந்த சாயத்தின் வழித்தோன்றல் உயிருள்ள மூளையில் ஒட்டி, பெட் ஸ்கேனில் தெரிந்தது; மனிதர்களில் எடுத்த படங்கள் 2004இல் வெளியாயின. இதே நோக்கில் பின்னால் வந்த ஃபுளோர்பெட்டாபிர் என்னும் ஃபுளோரின் 18 கலந்த பொருளை நம்பலாமா என்று அறிய, வாழ்நாளின் இறுதிக் கட்டத்தில் இருந்தவர்களை ஸ்கேன் செய்து, அவர்கள் இறந்த பிறகு மூளையைச் சீவிச் சாயமேற்றி ஒப்பிட்டார்கள். சீவலில் அமிலாய்டு மிகுந்திருந்தவர்களின் ஸ்கேனிலும் அது மிகுந்து தெரிந்ததைக் கண்ட பின்னரே, 2012இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

ஸ்கேன் அமிலாய்டைச் சரியாகவே காட்டுகிறது என்பது அவ்வாறு உறுதிப்பட்டது. அதே ஸ்கேனை நினைவாற்றல் குன்றாத முதியவர்களிடம் எடுத்துப் பார்த்தபோது, அவர்களிலும் கணிசமானோரின் மூளை அதேபோல ஒளிர்ந்தது.